அமெரிக்காவுக்கு என்னதான் வேண்டும்? தோஹாவிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

கேட்டவன் என் பழைய மாணவன். ஏர்வாடிக்காரன். பத்து வருடமாக தோஹாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். 2025 ஜூன் 23 அன்று, அல் உதைத் அமெரிக்க ராணுவத் தளத்தை நோக்கி ஈரான் விட்ட ஏவுகணைகளை வானத்திலேயே உடைத்ததை மொட்டைமாடியில் நின்று செல்போனில் பிடித்து எனக்கு அனுப்பினான். செப்டம்பர் 9-ல் அதே தோஹாவில் இஸ்ரேல் குண்டு போட்டது. அதற்கப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது. "சார், நீங்கதான் எங்களுக்கு வரலாறு எடுத்தீங்க. அமெரிக்காக்காரன் எதுக்குத்தான் இதெல்லாம் செய்யான்? எண்ணெய்க்கா, இஸ்ரேலுக்கா, ஆயுதம் விக்கவா? ஜனநாயகம்னு சொல்லுததெல்லாம் சும்மாவா? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க." கம்பெனியில் ரெண்டு வருட அக்ரிமென்ட் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், போடலாமா வேண்டாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தான்.

தம்பி, ஒரே காரணம் வேண்டுமென்றால் யாரும் சொல்லிவிடுவார்கள். டீக்கடையில் எண்ணெய் என்பார்கள், தெருமுனைக் கூட்டத்தில் இஸ்ரேல் என்பார்கள், டிவியில் கோட்டு போட்டவர் உலக ஒழுங்கு என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. பலம் உள்ள நாடு ஒரு காரியத்தில் இறங்கும்போது பெரும்பாலும் நாலைந்து நோக்கம் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ஓடும்போது பார்த்திருப்பாய். தேர் நகர்ந்துகொண்டிருக்கும்போது எவன் இழுக்கிறான், எவன் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு வருகிறான் என்று சொல்ல முடியாது. தேர் எங்காவது முட்டி நிற்கும் பார், அப்போதுதான் தெரியும். அதனால் நான் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: நோக்கம் நோக்கத்தோடு மோதுகிற இடம். அங்கே எது விட்டுக்கொடுக்கிறது, எது அசையாமல் நிற்கிறது?

முதலில் யாரும் சொல்லாத நோக்கத்திலிருந்து தொடங்குகிறேன். வீம்பு.

நாங்குநேரிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு வரப்புக் கேஸ் இருந்தது. முக்கால் முழ அகலம், நாற்பது முழ நீளம். அவ்வளவுதான் இடம். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி உள்ளே தள்ளிவிட்டார் என்று பாளையங்கோட்டை கோர்ட்டுக்குப் போனார். பத்தொன்பது வருடம் நடந்தது. வக்கீல் ஃபீஸுக்காக ஆற்றுப் பாசனத்தில் இருந்த அரை ஏக்கரை விற்றார். "அந்த இடம் எனக்கு மயிராச்சு. இன்னைக்கு விட்டேன்னா நாளைக்கு ஊரே என் வயல்ல இறங்கும்லா" என்பார். அவர் சொன்னதில் கணக்கு இல்லாமல் இல்லை. ஒருவன் பணிந்துவிட்டான் என்று ஊர் நினைத்தால் அதற்கு விலை உண்டு. ஆனால் அந்த விலை என்ன என்று அவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவில் ஒருவர் எழுதியே பார்த்தார். ஜான் மெக்நாட்டன், பாதுகாப்புத் துறையில் உயர் அதிகாரி. 1965 மார்ச்சில், வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படை இறங்கத் தொடங்கிய நாட்களில், தன் அமைச்சர் மக்னமாராவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். நாம் எதற்காக அங்கே இருக்கிறோம் என்பதைச் சதவீதமாகவே பிரித்திருந்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க, அதாவது காப்பாற்றுவான் என்று நம்மைப் பற்றி இருக்கும் பெயர் கெடாமல் இருக்க, 70. சீனாவின் கைக்கு அந்தப் பகுதி போகாமல் இருக்க, 20. தென் வியட்நாம் மக்கள் சுதந்திரமாக நல்வாழ்வு வாழ, 10. ரகசியக் குறிப்புதான், 1971-ல் பத்திரிகைகள் மூலம் வெளியே வந்துவிட்டது. மேடையில் பேசும்போது அந்தப் பத்துதான் நூறாகக் கேட்டது. அந்த எழுபதுக்காக 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் அதைப்போலப் பல மடங்கு வியட்நாமியர்களும் செத்தார்கள். செலவும் வீம்பும் மோதியபோது எட்டு வருடம் செலவுதான் விட்டுக்கொடுத்தது. என் பெரியப்பாவுக்கு அரை ஏக்கரோடு போயிற்று.

அடுத்தது, ஆயுதம் விற்கவா என்று கேட்டாயே, அந்தக் கம்பெனி லாப விஷயம். முதலாளிகளுக்காகத்தான் எல்லாம் என்பவர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது குவாதமாலா. வாழை விஷயம் என்பதால் களக்காட்டு ஆட்களுக்கு உடனே புரியும். யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்கக் கம்பெனி அந்தச் சின்ன நாட்டில் ஏராளமான நிலம் வைத்திருந்தது, பெரும்பகுதி தரிசு. தேர்தலில் ஜெயித்து வந்த ஆர்பென்ஸ் 1952-ல் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து தரிசை எடுத்து ஏழை விவசாயிகளுக்குக் கொடுத்தார். சும்மா பிடுங்கவில்லை, நஷ்டஈடு உண்டு. எந்த மதிப்பில்? வரி கட்டுவதற்காகக் கம்பெனியே காட்டியிருந்த மதிப்பில். சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர். அமெரிக்க வெளியுறவுத் துறை கம்பெனிக்காகக் கேட்டது 1 கோடியே 58 லட்சம்.

நம்ம பக்கம் நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது நடந்ததை நினைத்துப் பார். கிரயம் எழுதும்போது முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று வழிகாட்டி மதிப்பிலேயே பத்திரம் போட்டவர்கள், அதே பத்திரத்தைக் காட்டி அரசாங்கம் நஷ்டஈடு கணக்கிட்டதும் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். நானும் அதில் ஒரு ஆள்தான். வித்தியாசம், எனக்காகக் கவிழ்க்க என்னிடம் சி.ஐ.ஏ. இல்லை. 1954 ஜூனில் ஆர்பென்ஸைக் கவிழ்த்தார்கள். அப்போது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ்; சி.ஐ.ஏ. தலைவர் அவர் தம்பி ஆலன் டல்லஸ். அண்ணன் முன்னால் இருந்த வக்கீல் கம்பெனிக்கு யுனைடெட் ஃப்ரூட் கட்சிக்காரர்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கதை கச்சிதமாக இருக்கும். பலரும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் ஆர்பென்ஸ் ஜூன் 27-ல் பதவி விலகினார்; ஒரு வாரத்துக்குள் அமெரிக்க நீதித்துறை அதே யுனைடெட் ஃப்ரூட் மேல் ஏகபோக வழக்குப் போட்டது. 1958-ல் கம்பெனி தன் தொழிலில் ஒரு பகுதியைப் பிரித்து விற்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கம்பெனிக்காக மட்டும் செய்தவன் காரியம் முடிந்த கையோடு கம்பெனியை கோர்ட்டுக்கு இழுப்பானா? அங்கே பெரிதாக நின்றது பயம். தன் கொல்லைப்புறத்தில் கம்யூனிஸ்ட் நுழைந்துவிடுவான் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காதில் ஓதிக்கொடுத்தது கம்பெனி. ஓதிக்கொடுப்பவன் வேறு, முடிவெடுக்க வைப்பது வேறு.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். காவல்கிணறு விலக்கில் நின்று மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி. இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் இடம். சோதனை நாளில் மலைக்குள்ளிருந்து உறுமல் வரும், கொஞ்ச நேரம்தான், அப்புறம் வெள்ளைப் புகை மேகத்தோடு கலந்துவிடும். நீங்களெல்லாம் எட்டாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் ஓடுவீர்கள். அந்த உறுமலுக்கும் வாஷிங்டனுக்கும் இருபது வருடச் சண்டை இருக்கிறது.

கனமான செயற்கைக்கோளை உயரத்துக்குக் கொண்டுபோக கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். எண்பதுகளின் கடைசியில் இதைத் தர ஓர் அமெரிக்கக் கம்பெனியே முன்வந்தது, ஜெனரல் டைனமிக்ஸ். விலை கட்டுப்படியாகவில்லை. சோவியத் கம்பெனி கிளாவ்காஸ்மாஸ் குறைந்த விலையில் எஞ்சினோடு தொழில்நுட்பமும் தருவதாகச் சொல்லி 1991 ஜனவரியில் கையெழுத்தாயிற்று. உடனே அமெரிக்கா எழுந்து, இது ஏவுகணை செய்ய உதவும், 1987-ல் போட்ட ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டுக்கு விரோதம் என்றது. 1992 மேயில் இஸ்ரோ மேலும் கிளாவ்காஸ்மாஸ் மேலும் இரண்டு வருடத் தடை. ரஷ்யாவுக்கான உதவித் தொகையை இந்த விற்பனையோடு முடிச்சுப் போட செனட்டில் திருத்தம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜோ பைடன், பின்னாளில் ஜனாதிபதியானவர்.

யோசித்துப் பார். கிரையோஜெனிக் எரிபொருளை நிரப்பவே மணிக்கணக்கில் ஆகும். நிரப்பி வைத்துக் காத்திருக்க முடியாது, ஆவியாகிப் போகும். போருக்குத் தயாராக நிற்க வேண்டிய ஏவுகணைக்கு இது உதவாத சாமான். அதோடு, சொந்த நாட்டுக் கம்பெனி விற்க வந்தபோது இந்தப் பயம் எங்கே இருந்தது? 1993-ல் ரஷ்யா மடங்கியது. தொழில்நுட்பம் கிடையாது, எஞ்சின் மட்டும்தான் என்றாகி, கடைசியில் ஏழு எஞ்சின் வந்தது. மடங்கியதற்குப் பதிலாக ரஷ்யாவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவோடு சேர்ந்து விண்வெளி நிலையம் கட்டுகிற வேலை, அமெரிக்க செயற்கைக்கோள்களைக் காசுக்கு ஏவிக்கொள்ள ஒரு பங்கு. ஏவுகணை பரவும் என்று நிஜமாகவே பயந்தவர்கள் அங்கே உண்டு, அவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் முடிந்த இடத்தைப் பார்த்தால், நான்கு பேர் வைத்திருக்கும் கடைத்தெருவில் ஐந்தாவது கடை திறக்கக் கூடாது என்பதும், விழுந்து கிடந்த ரஷ்யாவின் விஞ்ஞானிகளை வேறு எவனும் கொண்டுபோகாமல் தன் பக்கம் கட்டிப்போட வேண்டும் என்பதும்தான் பெரிதாகத் தெரிகிறது.

சரி, நாம் என்ன ஆனோம்? 2010 ஏப்ரலில் நம்ம சொந்த எஞ்சினோடு போன ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ல் ஜி.எஸ்.எல்.வி. டி-5 வெற்றி. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 மேலே போனது. அதில் இருந்தது நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். எந்த எஞ்சின் நம்ம கைக்கு வரக்கூடாது என்று தடை போட்டார்களோ, அதை நாமே செய்து, அதன் மேல் அவர்கள் சாமானை ஏற்றி அனுப்பினோம். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் அற்பச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

கூடங்குளத்திலும் இதே மாதிரி ஒரு மோதல். 1988 நவம்பரில் அங்கே அணுமின் நிலையம் கட்ட ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். சோவியத் உடைந்து கிடப்பில் போய், 1998-ல் மறுபடி உயிர் வந்தபோது அமெரிக்கா எதிர்த்தது. அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு 1992-ல் போட்ட விதி உண்டே, எல்லா அணு உலைகளையும் சோதனைக்குத் திறந்துவிடாத நாட்டுக்கு விற்கக் கூடாது என்று, அதைக் காட்டியது. அந்தக் குழுவே 1974-ல் நாம் பொக்ரானில் குண்டு வெடித்ததால் பிறந்தது. ரஷ்யா, இது விதிக்கு முந்தைய ஒப்பந்தம் என்று சொல்லிக் கட்டியது. அப்புறம் 2008-ல் என்ன நடந்தது? அதே அமெரிக்கா, அதே குழுவின் 45 நாடுகளிடமும் வாசல் வாசலாகப் போய், இந்தியாவுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள் என்று கேட்டு செப்டம்பர் 6-ல் வாங்கித் தந்தது. நடுவில் நாம் குண்டு வெடிப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டோமா? இல்லை, 1998-ல் இன்னும் ஐந்து வெடித்தோம். நடுவில் மாறியது சீனா. சீனா வளர்ந்த வேகத்தில் அணு ஆயுதம் பரவக் கூடாது என்ற கொள்கை விட்டுக்கொடுத்தது.

அணு உலை விற்கத்தான் என்றும் சொன்னார்கள். ஆந்திராவில் கொவ்வாடாவை அமெரிக்கக் கம்பெனிக்கென்று ஒதுக்கி வைத்தும் இன்றுவரை அங்கே ஒரு உலை எழும்பவில்லை. கூடங்குளத்தில் ரஷ்யாக்காரன் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டிருக்கிறான். அமெரிக்கா விற்றது ராணுவ விமானங்களை. அரக்கோணத்திலிருந்து எழும்பி இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுகிறதே பி-8ஐ, அது போயிங் விமானம். சீன நீர்மூழ்கியை நாம் தேடினால் அவர்களுக்கு ஒரு விமானச் செலவு மிச்சம்.

ஜனநாயகம் எங்கே நிற்கிறது என்று கேட்டாய். 1971-ஐப் பார். கிழக்குப் பாகிஸ்தானில் தேர்தலில் ஜெயித்தவர்களைப் பாகிஸ்தான் ராணுவம் வேட்டையாடியது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட்டும் அவருடைய ஆட்களும் ஏப்ரல் 6-ல், நம் அரசு மௌனமாக இருப்பது தவறு என்று வாஷிங்டனுக்கே தந்தி அடித்தார்கள். ஜனாதிபதி நிக்சனும் அவர் ஆலோசகர் கிஸிஞ்சரும் கேட்கவில்லை. அந்த ஜூலையில் கிஸிஞ்சர் ரகசியமாக பீஜிங் போனது இஸ்லாமாபாத் வழியாக. வழி கொடுத்தவனை வருத்தக் கூடாது. டிசம்பரில் எண்டர்பிரைஸ் விமானம்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது. பிளட்டை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு எல்லாமே வேஷம் என்று முடிவுகட்டிவிடாதே. நான் அமெரிக்க உப்புமா தின்று வளர்ந்தவன். காமராஜர் மதிய உணவுத் திட்டத்துக்கு கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு மூலமாக மஞ்சள் சோளமாவும் பால்பவுடரும் எண்ணெயும் வந்தன. எங்கள் பள்ளியில் பெரிய அலுமினிய அண்டாவில் அந்த மாவைக் கிளறுவார்கள். ஒரு மாதிரி மக்கின வாசம், ஆனால் சூடாக இருந்தால் இறங்கிவிடும். தட்டு கொண்டுவர மறந்தால் பூவரச இலை. சாக்குமூட்டையில் இரண்டு கை குலுக்குகிற படம் போட்டிருக்கும். காலியான சாக்கை அம்மா கேட்டு வாங்கி வந்து நெல் அவிக்கும் இடத்தில் விரிப்பாள்.

அந்தச் சாக்குக்குள் என்ன இருந்தது? 1954-ல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டத்தின் தொடக்க நோக்கம், தன் விவசாயிகளிடம் மிஞ்சிப்போன தானியத்தைத் தள்ளிவிடுவது. அதுவே பட்டினி கிடக்கும் நாட்டுக்குச் சோறாகவும் ஆனது. பிறகு பிடியாகவும் ஆனது. 1965, 66-ல் மழை பொய்த்து, ரேஷனில் மைலோ என்று சிவப்புச் சோளம் போட்ட காலம். ஜனாதிபதி ஜான்சன் கப்பலை மாதம் மாதம் எண்ணி எண்ணித்தான் விட்டார். நம்ம விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு காரணம். வியட்நாம் விஷயத்தில் இந்தியா வாயை மூடவில்லை என்ற எரிச்சல் இன்னொன்று. அதற்கும் முன்னால், 1951-ல் கோதுமைக் கடன் கேட்டபோது அவர்கள் நாடாளுமன்றத்தில் சிலர் கண் வைத்தது நம்ம தெற்குக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் மேல், அதிலிருந்து எடுக்கும் அணுசக்திப் பொருளான தோரியத்துக்காக. நேரு அதற்குச் சம்மதிக்கவில்லை, கோதுமை எப்படியோ வந்தது.

ஒரே சாக்குக்குள் வியாபாரம், பிடி, இரக்கம் மூன்றும் இருந்தன. இரக்கம் பொய்யில்லை. 2003 ஜனவரி 28 அன்று ஜார்ஜ் புஷ் தன் நாடாளுமன்றத்தில் பேசிய ஒரே பேச்சில் இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, ஈராக் மேல் போருக்கான நியாயம், அதில் பேரழிவு ஆயுதம் பற்றிச் சொன்னது நிலைக்கவில்லை. இன்னொன்று, ஆப்பிரிக்காவில் எய்ட்ஸுக்கு மருந்து கொடுக்க ஐந்து வருடத்தில் 1500 கோடி டாலர். அந்த மருந்துத் திட்டம் லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் உயிர்களைப் பிழைக்க வைத்திருக்கிறது. ஒரே ஆள், ஒரே மேடை, ஒரு மணி நேரம். எதை வேஷம் என்பாய்? எனக்குத் தெரிந்தவரை, குறுக்கே வேறு நோக்கம் வராத இடத்தில் அவர்கள் தாராளமாக இரக்கம் காட்டுவார்கள். குறுக்கே வந்தால் முதலில் ஒதுங்கி நிற்பதும் அதுதான். கை குலுக்கும் படத்துக்குச் சொந்தமான யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க அரசு உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையோடு மூடிவிட்டார்கள்.

இப்போது உன் எண்ணெய். 1990-ல் குவைத்தை சதாம் பிடித்தபோது என் மச்சினன் அங்கே ஒரு கடையில் இருந்தான். பாலைவனம் தாண்டி அம்மான் வந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்த ஒன்றே முக்கால் லட்சம் பேரில் அவனும் ஒருவன். பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்க விடமாட்டோம் என்று சொல்லித்தான் அமெரிக்கா படை அனுப்பியது. நல்ல கொள்கை. 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் திமோரை விழுங்கியபோது, அதற்கு முந்தின நாள் ஜகார்த்தாவில் இருந்தவர்கள் அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்டும் கிஸிஞ்சரும். விழுங்கலாம் என்று தலையாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். திமோர் எந்த மடையிலும் இல்லை.

மடை என்று சொன்னது வேண்டுமென்றுதான். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விடுகிற காலத்தில் பார்த்திருப்பாய், சண்டை தண்ணீருக்காக மட்டும் இல்லை. தன் வயல் நிறைந்தபிறகும் மடைப் பலகை தன் ஆள் கையில்தான் இருக்க வேண்டும் என்று நிற்பான் ஒருவன். கடைமடைக்காரன் அவனைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது. எண்ணெயிலும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் சதாமிடமே வாங்கியிருக்கலாம், அவர் விற்கத் தயாராகத்தான் இருந்தார். 2003 போருக்குப் பிறகு 2009-ல் ஈராக் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது பெரிய பங்குகள் சீனா, பிரிட்டன், ரஷ்யா கம்பெனிகளுக்கெல்லாம் போயின. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வந்தது அதில் கொஞ்சம்தான். இன்று உலகத்திலேயே அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்காதான். இருந்தும் அல் உதைத்தைக் காலி செய்யவில்லை. 1980 ஜனவரியில் ஜனாதிபதி கார்ட்டர் சொன்னது இன்னும் நிற்கிறது: பாரசீக வளைகுடாவை வெளியார் எவனாவது தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றால் அதை எங்கள் மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொள்வோம். எண்ணெயைக் குடிப்பதைவிட, மற்றவன் குடிக்கிற குழாயில் கை வைத்திருப்பது பெரிது. ஜப்பான், ஐரோப்பா, சீனா, நாம், எல்லாரும் அந்த மடையில் தண்ணீர் எடுப்பவர்கள்.

இஸ்ரேலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. 2016-ல் போட்ட ஏற்பாட்டின்படி பத்து வருடத்துக்கு 3800 கோடி டாலர் ராணுவ உதவி; அமெரிக்க அரசியலில் இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கு இருக்கிற செல்வாக்கு நிஜம்; காஸாவில் நடந்ததற்கு அமெரிக்க ஆயுதம் துணைபோனதும் நிஜம். ஆனால் வாலை ஆட்டுவது நாயா, நாயை ஆட்டுவது வாலா என்றால், மோதின இடங்களைப் பார். 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் போனபோது ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிரிட்டனையும் பிரான்ஸையும் இஸ்ரேலையும் சேர்த்தே பின்வாங்க வைத்தார். 1981-ல் சவூதிக்கு உளவு விமானம் விற்பதை இஸ்ரேல் ஆதரவாளர்கள் எவ்வளவு எதிர்த்தும் செனட்டில் 52-க்கு 48 என்று ரீகன் நிறைவேற்றினார். செப்டம்பரில் உன் ஊரில் குண்டு விழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தபடி நெதன்யாகு கத்தார் பிரதமரிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாளில், கத்தாரைத் தாக்கினால் எங்களைத் தாக்கினது போல என்ற டிரம்பின் உத்தரவு வெளியானது. தினமும் நடக்கிற காரியமில்லைதான். மடைப் பலகையில் கை வைத்ததால் நடந்தது.

இவ்வளவு சொன்ன என் கணக்கு சில நேரம் கவிழ்ந்துபோகும். தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்கிற இடத்தில் என் தங்கை வீட்டுக்காரர் சூப்பர்வைசர். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி விழுந்தது, ரஷ்ய எண்ணெய் வாங்கினதற்கு அபராதம் என்று அதில் பாதி. மலிவாகக் கொண்டுவந்து குவிக்கிறோம் என்று இறால் மேல் ஏற்கனவே போட்டிருந்த குவிப்புத் தடுப்பு வரி தனி. இறால் உரிக்கிற பெண்கள் வாரம் ஆறு நாள் வந்துகொண்டிருந்தவர்கள், கூப்பிட்டால்தான் வர வேண்டும் என்றாகிவிட்டது. ரஷ்யாவிடம் நம்மைவிட அதிகமாக வாங்கியது சீனா, அதற்கு இந்த அபராதம் போடவில்லை. ஏன்? சீனா கையிலும் ஒரு மடை இருக்கிறது: கார் மோட்டார் காந்தத்துக்கெல்லாம் வேண்டிய அரிய மண் தாதுக்கள். 2025 ஏப்ரலில் அந்தப் பலகையைக் கொஞ்சம் இறக்கினான், டெட்ராய்ட் கார் கம்பெனிகள் அலறின. அதுவரை என் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் சீனாவுக்கு எதிரே நிறுத்துவதற்காக இருபத்தைந்து வருடம், ஐந்து ஜனாதிபதிகள், கட்சி பாராமல் இந்தியாவைத் தாங்கித் தடவி வைத்திருந்தார்களே, அதை ஒரே மாதத்தில் எது தள்ளிவிட்டது? 2025 மேயில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் சண்டையை நிறுத்தினது நான்தான் என்று டிரம்ப் சொன்னதை நாம் ஒப்புக்கொள்ளாத கோபமா, வரியைக் கேட்டுக் கை தட்டுகிற அவர் வோட்டர்களா? மறுபடியும் என் பெரியப்பா முகம்தான் எனக்குத் தெரிகிறது. அந்தக் குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் கணக்குத் தெரியும். வீட்டுப் பத்திரம் அவர் பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, அக்ரிமென்ட். மடைப் பலகை நீ குடியிருக்கிற ஊரில் இருக்கிறது. அதனால் கத்தாரை எவனும் லேசில் விழுங்க மாட்டான், வேலை இருக்கும், சம்பளமும் இருக்கும். அதே காரணத்துக்காக அங்கே அடிக்கடி எவனாவது கல்லெறிவான். ரெண்டு வருடத்துக்குப் போடாதே, ஒரு வருடம் போதும் என்று கேட்டுப் பார். அறை தளத்துப் பக்கம் இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, தள்ளி மாற்றிக்கொள். அடுத்த தடவை வானத்தில் சத்தம் கேட்டால் மொட்டைமாடிக்கு ஏறாதே. வீடியோவை நான் டிவியில் பார்த்துக்கொள்கிறேன்.